நண்டு பார்க்கும் வெளிச்சம்

சமையலறையிலிருந்து கரகரவென்று சத்தம் கேட்டது.

கம்பெனி வேனிலிருந்து இறங்கி, நீல யூனிபார்ம் கோட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைந்த பானு அப்படியே நின்றாள். அலுமினியக் குண்டானுக்குள் நண்டுகள் பிறாண்டுகிற சத்தம். ஏரிக்கரையில் வளர்ந்தவளுக்கு அது புதிதல்ல. அதற்கு நடுவே கேட்ட அம்மாவின் குரல்தான் புதிது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் பிள்ளையைப்போல் அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இது முழுசு... இது தண்ணி... இது... இதுவும் முழுசு."

பானு எட்டிப் பார்த்தாள். கங்கம்மாள் ஜன்னலைச் சாத்திவிட்டு, சைனா எமர்ஜென்சி லைட் ஒன்றை அலமாரி மேல் வைத்து, அந்த வெள்ளை வெளிச்சத்துக்குக் கீழே குந்தியிருந்தாள். கயிறு போட்டுக் கட்டிய நண்டு ஒன்றை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்றே?"

கங்கம்மாளின் கையிலிருந்து நழுவி நண்டு தரையில் விழுந்தது. விழுந்த நண்டை அவள் கை தேடியது. நண்டு இந்தப் பக்கம் கிடக்க, அம்மாவின் விரல்கள் அந்தப் பக்கம் தடவிக்கொண்டிருந்தன.

பானு நண்டை எடுத்தாள். அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அமுக்கினாள். ஓடு உள்ளே அமுங்கியது, சதையே இல்லை.

"அம்மா, இத்த முழுசுன்னு சொன்ன. இது தண்ணி நண்டு."

"அமுக்காதடி! அமுக்கின நண்டு தாங்காது."

"நீ இன்னொண்ணு பாத்து சொல்லு."

கங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்தால் தெளிந்துவிடுகிற மங்கலா அது?

"அந்த வெள்ள லைட்டுல பால் ஊத்தின மாறி கீதுடி. பழைய பல்புன்னா கிட்ட புடிச்சிப் பாத்துருவேன். யாராண்டயும் சொல்லிடாத. உங்க மாமனுக்கு மட்டுந்தான் தெரியும். அவன் பாத்துக்கறான்."

மாமன் பார்த்துக்கொள்கிறான். அந்த வார்த்தை அன்றைக்கு அந்தத் தாய்க்கும் மகளுக்கும் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது!

*

கங்கம்மாள் பழவேற்காடு ஏரிக்கு நடுவே உள்ள ஒரு தீவுக் குப்பத்தில் பிறந்தவள். எளாவூர் செக்போஸ்ட்டில் மூட்டை இறக்கும் ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று அவனைச் சுவரோடு சேர்த்து நசுக்கியபோது பானுவுக்குப் பல்கூட முளைத்திருக்கவில்லை. புருஷன் வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இடுப்பில் குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவளைத் தேடி வந்தவன் அவளுடைய தம்பி இராமலிங்கம். அவனுக்கே வீட்டில் நடை பழகும் பையன் ஒருவன் இருந்தான்.

"ஏந்துருக்கா. நம்ப ஊட்டுக்குப் போலாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தவள் அதற்குப் பிறகு தன் வாழ்நாளில் வேறு எந்த ஆண்பிள்ளையையும் நம்பி நடக்கவில்லை.

அவன்தான் அவளை அசன் முகைதீனிடம் வேலைக்குச் சேர்த்தான். அசன் முகைதீன் நண்டு வியாபாரி. கேபின் வைத்த பழைய மர லாஞ்சு ஒன்று அவரிடம் இருந்தது. விடியும் முன்பே அது குப்பம் குப்பமாகப் போய், ராத்திரி வலையில் விழுந்த உயிர் நண்டுகளை வாங்கிக்கொண்டு வரும். வெயில் ஏறினால் நண்டு செத்துவிடும் என்பதால் தரம் பிரிக்கிற வேலையெல்லாம் லாஞ்சின் கேபினுக்குள்ளேயே, இருட்டோடு முடிந்துவிட வேண்டும். அந்த வேலைக்குத்தான் கங்கம்மாள் போனாள்.

படகில் பெண் ஏறுவதா என்று கரையில் ஒரே பேச்சு. அசன் முகைதீன் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்.

"இது வல போடுற படகா? இது கட. கடையில பொம்பள உக்காந்தா இன்னா தப்பு?"

நண்டில் இரண்டு சாதி. சதை நிறைந்தது முழு நண்டு. அது விமானத்தில் சிங்கப்பூர் போகும். பழைய ஓட்டைக் கழற்றிச் சில நாளே ஆனது தண்ணி நண்டு. ஓட்டுக்குள் சதையே இருக்காது, அது உள்ளூர்ச் சந்தைக்குத்தான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே கொழுகொழுவென்று இருக்கும். அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அமுக்கிய நண்டு பெட்டிக்குள் தாங்காமல் வழியிலேயே செத்துப்போகும் என்று ஏற்றுமதிக் கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். கேபினில் லாரி பல்பு ஒன்று வயரில் தொங்கும். கங்கம்மாள் இடது கையால் பல்பை இழுத்து நண்டின் காலுக்குப் பின்னால் வைப்பாள். சதை நிறைந்த கால் இருட்டாகவே இருக்கும். தண்ணி நண்டின் கால் மட்டும் வெற்றிலைக் காவிபோல் சிவந்து தெரியும். பல்பின் சூடு பட்டுப் பட்டு அவளுடைய இடதுகை விரல்களில் தழும்பே விழுந்துவிட்டது.

"கங்கம்மா பாத்துச்சின்னா அத்தோட சரி. மறுபேச்சு கெடையாது" என்பார் அசன் முகைதீன். அதுதான் அவள் சம்பாதித்த சொத்து. சுனாமிக்குப் பிறகு கிடைத்த இரண்டறை வீடு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மகளுக்கு ஒரு வேலை என்று மற்றவையெல்லாம் பின்னால் வந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கனவு. இராமலிங்கத்தின் மகன் ஆகாஷ் வள்ளூர் பவர் பிளாண்ட் வேலையில் வெல்டராக இருந்தான். பானுவுக்கு அவன்தான் என்பது பிள்ளைகள் மண்ணில் விளையாடிய காலத்திலேயே முடிவான பேச்சு. ஆவணியில் இராமலிங்கத்தின் மனைவி சந்திரகலா வந்து, பானுவுக்கு அரக்குச் சிவப்பில் பட்டுப்புடவை கொடுத்துப் பூ வைத்துவிட்டுப் போனாள். தை பிறந்தால் கல்யாணம்.

கண்ணில் திரை விழத் தொடங்கியது அதற்கு முந்தியே. கங்கம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. நண்டு பார்க்கிறவளுக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் எந்தக் குப்பத்துக்காரன் அவள் சொல்லை ஏற்பான்? கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். அந்தத் தொங்கும் பல்பை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள். அது போதுமாக இருந்தது.

*

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம். புரட்டாசியில் ஒரு நாள் லாஞ்சு நடு ஏரியில் நின்றுவிட்டது. கேபின் பல்புகள் எரிந்து எரிந்து பேட்டரியைத் தின்றுவிட்டதால் இன்ஜினைக் கிளப்ப முடியவில்லை. வேறு படகு வந்து இழுத்துப்போவதற்குள் வெயில் ஏறி, பாதி நண்டு செத்துப் போயிற்று.

அசன் முகைதீனின் மகன் ஆஷிக், காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்து வேலையில் எலக்ட்ரீஷியன். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைப் பை ஒன்றோடு லாஞ்சில் ஏறினான்.

"இன்னா தம்பி, தீபாவளி சீரியல் லைட்டா?" என்று கேட்டான் இராமலிங்கம். கரைக்கு வந்திருந்தவன் வேடிக்கை பார்க்க ஏறியிருந்தான்.

"எல்.இ.டி. மாமா. எல்லா லைட்டும் சேந்து எரிஞ்சாலும் பழைய பல்பு ஒண்ணு குடிக்கிறதுல கால்வாசி குடிக்காது. பேட்டரி வாயத் தொறந்து கேக்காது."

"எங்க ஊட்டுல சந்திரகலாவ மாத்தறதுக்கு இப்டி எதுனா கெடைக்குமா? அதுவும் ரொம்பத்தான் குடிக்குது, ஆம்பள ரத்தத்த."

எல்லோரும் சிரித்தார்கள். கங்கம்மாளும் சிரித்தாள். தம்பி இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது.

ஆஷிக் பழைய பல்புகளைக் கழற்றினான். கேபின் கூரையோடு ஒட்டினாற்போல் தட்டை விளக்குகளைத் திருகினான். ஒன்று மட்டும் எரியவில்லை. கழற்றி, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்தான். "பழசுக்கு எப்டி குடுத்தாலும் எரியும். இதுக்கு பிளஸ் மைனஸ் மாறக் கூடாது" என்றான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கேபின் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை.

"ஆஸ்பத்திரி மாறி கீதுப்பா" என்றான் இராமலிங்கம். "அக்கா, நண்டுக்கு ஆபரேஷன் பண்ணப் போறியா?"

கங்கம்மாள் மேலே பார்த்தாள். வெளிச்சம் ஊசியாக வந்து கண்ணில் பட்டு, பஞ்சாகச் சிதறியது. கையை நீட்டினாள். இழுத்துக்கொள்ள வயர் இல்லை. விளக்கு கூரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, பழசு ஒண்ணே ஒண்ணு இருக்கட்டுமே."

"அந்த ஒண்ணுதான்கா பேட்டரிய குடிக்கிறது. ஏன், இந்த வெளிச்சம் பத்தலயா? இன்னும் ரெண்டு மாட்டவா?"

அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்திருந்தால்! கண்ணு தெரியலப்பா என்று சொல்லியிருந்தால்! சொல்லவில்லை. தை மாசக் கல்யாணம் அவள் வாயைக் கட்டிவிட்டது.

"அதெல்லாம் வாணாம். நல்லாதான் கீது" என்றாள்.

முதல் இரண்டு நாளும் குத்துமதிப்பாகத்தான் பிரித்தாள். மூன்றாம் நாள் இராமலிங்கம் கண்டுபிடித்துவிட்டான். அவனுடைய குப்பத்தில் பிடிக்கிற நண்டையெல்லாம் சேர்த்து, கட்டி, லாஞ்சில் ஏற்றுகிற பொறுப்பு அவனுடையது. கூடையை இறக்கி வைத்தவன் அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தான். ஒரு நண்டை எடுத்து அவள் கண்ணெதிரே ஆட்டினான். பிறகு பக்கத்தில் குந்திக்கொண்டு, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டான்.

"எத்தினி நாளாக்கா?"

கங்கம்மாள் அழுதாள்.

"அழாத. பாய்க்குத் தெரிஞ்சா பேஜாரு. தெனம் எங்க குப்பத்துலேர்ந்து கர வரைக்கும் நான் லாஞ்சுல கூட வரேன். உங்காண்ட உக்காந்துக்கினு சன்னமா சொல்றேன், நீ பிரிச்சிப் போடு. உன் கண்ணுக்கு நான் கீறேன்கா."

அப்படித்தான் நடந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள் "முழுசு" என்பான். அவள் பெரிய கூடையில் போடுவாள். "தண்ணி" என்பான், சின்னக் கூடையில் போடுவாள். நடுநடுவே கதை சொல்லிச் சிரிக்க வைப்பான். மற்றக் குப்பத்து நண்டுகளில் தண்ணி நிறையவே வந்தது. தம்பியின் குப்பத்து நண்டு மட்டும் கூடை கூடையாக எல்லாமே முழுசு. வலை போட நல்ல பாடு கிடைத்திருக்கிறது போல என்று அக்கா உள்ளுக்குள் பூரித்துப் போனாள்.

இப்படியிருக்கும்போதுதான் வீட்டில் அந்த எமர்ஜென்சி லைட்டை வைத்துக்கொண்டு பழகிப் பார்த்தாள், எத்தனை நாளைக்குத் தம்பியைத் தொந்தரவு செய்வது என்று. பானு கண்டுபிடித்த நாள் அது.

*

ஐப்பசி பிறந்ததும் பெட்டிகள் திரும்பி வந்தன.

ஏற்றுமதிக் கம்பெனி அனுப்பிய வண்டி அசன் முகைதீனின் ஷெட்டு வாசலில் நின்றது. பெட்டிகளைக் கொட்டினார்கள். எல்லாம் தண்ணி நண்டு. எந்த நண்டு எந்தக் குப்பத்தது என்று தெரிவதற்காக ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு நிறத்தில் கட்டுக்கயிறு கொடுத்து வைத்திருந்தார் அசன் முகைதீன். கொட்டிய குவியலில் மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை. ஒரே பச்சை. இராமலிங்கத்தின் குப்பத்துக் கயிறு.

கங்கம்மாளுக்கு ஆள் போயிற்று. இராமலிங்கமும் வந்தான். ஷெட்டைச் சுற்றிக் கரையில் இருந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

அசன் முகைதீன் கோபப்படவில்லை. அதுதான் கங்கம்மாளுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"கங்கம்மா, உன் கை வழியாதான் இதெல்லாம் போச்சு. நானு ஒரு நாளும் ஒன்னக் கேள்வி கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்கறேன். இது எப்டி?"

ஆஷிக் குறுக்கே வந்தான்.

"வாப்பா, லைட்டு மாத்தினதுலேர்ந்துதான் இப்டி ஆவுது. அக்கா, நெஜத்த சொல்லுங்க. அந்த லைட்டுல உங்களுக்குத் தெரியலயா? சொல்லுங்கக்கா, இப்பவே பழைய பல்பு ஒண்ணு தொங்க உட்டுடறேன். பேட்டரி போனாப் போவுது."

"கண்ணு கோளாறுன்னா சொல்லும்மா" என்றார் அசன் முகைதீன். "பொன்னேரில கேம்ப் போடறாங்க. நானே கார்ல இட்டுக்கினு போயி ஆபரேஷன் பண்ணி இட்டாரேன். வேல எங்கியும் போவாது."

பழைய பல்பு! ஆபரேஷன்! வேலை! அவள் ராத்திரியெல்லாம் சாமியிடம் கேட்டதை இரண்டு மனிதர்கள் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்கள். 'ஆமாம் பாய், கண்ணு தெரியல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொன்னால் அடுத்த கேள்வி என்ன? கண் தெரியாதவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுசு முழுசு என்று சொன்னவன் யார்?

ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்று குப்பத்தார் கூடி முறை வைப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வியாபாரியை ஏமாற்றி ஊர்ப் பெயரைக் கெடுத்தவனுக்குப் பாடு கிடையாது என்பது அங்கே எழுதாத சட்டம். பாடு போனால் இராமலிங்கம் ஏரியில் காலை வைக்க முடியாது. அவன் குடும்பத்தோடு ஒருத்தரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். தன்னைக் காட்டிக்கொடுத்த அக்காள் மகளையா அவன் மருமகளாக்கிக்கொள்வான்? ஆகாஷ் என்ன ஆவான்? பானு என்ன ஆவாள்?

கங்கம்மாள் தம்பி நின்றிருந்த பக்கம் திரும்பினாள். ஒரு நிழல் தெரிந்தது. அந்த நிழலின் மூச்சு வேகமாக வந்துபோவது மட்டும் அவளுக்குக் கேட்டது. எளாவூர் பஸ் ஸ்டாண்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தபோதும் அவன் இப்படித்தான் மூச்சு வாங்கினான்.

"எனுக்குக் கண்ணு நல்லாதான் தெரியுது பாய்" என்றாள்.

"அப்ப?"

"தெரிஞ்சிதான் போட்டேன். என் தம்பி தண்ணியெல்லாம் தனியாதான் வெச்சிருந்தான். தம்பி குப்பத்துக்கு நாலு காசு சேரட்டும்னு நானே அவனுக்குத் தெரியாம எடுத்து நல்ல கூடையில போட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

இராமலிங்கம் வாயைத் திறப்பான் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மனசு கெஞ்சியது. அவன் திறக்கவில்லை.

"உப்பப் போட்ட ஊட்டுக்கே இப்டி ஒரு துரோகமா?" என்று எவளோ ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள். "லாஞ்சுல மகாராணி மாறி போய்க்கினு வந்தப்பவே நெனச்சேன்."

அசன் முகைதீன் எழுந்தார். "நாளைலேர்ந்து லாஞ்சுக்கு வராதம்மா" என்று மட்டும் சொன்னார். ஆஷிக் குவியலில் இருந்த பச்சைக் கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில், ஆள் இல்லாத இடத்தில், இராமலிங்கம் அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கை நனைந்தது.

"நம்பளப் பெத்த ஆயா இருந்தாக்கூட இப்டி செஞ்சிருக்காதுக்கா. நீதான் எனுக்குச் சாமி."

"டேய் ராமு, ஒண்ணு கேக்கறேன். தெரிஞ்சேதான் சொன்னியாடா?"

"ஐயோ, இன்னாக்கா! கருக்கல்ல ஒண்ணு ரெண்டு கண்ணு தப்பிப் பூட்ச்சி. வேணும்னு செய்வனா?"

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. பார்த்தாள். பால் ஊற்றினாற்போல்தான் தெரிந்தது. குரல் மட்டும் கேட்டது. குரலை நம்பினாள்.

*

விஷயம் தெரிந்த பானு அன்று சாப்பிடவில்லை. சிப்காட் வேனிலேயே அவளிடம் கேட்டுவிட்டார்களாம், உங்கம்மா நண்டு திருடிச்சாமே என்று.

"நான் போயி பாயாண்ட சொல்றேன். அம்மாக்குக் கண்ணு தெரியாது, மாமாதான் சொல்லிச்சின்னு."

"சொன்னா நான் செத்துருவேன்!" கங்கம்மாள் மகளின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தாள். "என் தலமேல சத்தியம் பண்ணு. உங்க மாமன் பேரு கெட்டா உன் வாழ்க்கடி போவும். எனுக்கு இன்னா, திருடின்னா திருடியாவே இருந்துட்டுப் போறேன். நீ நல்லா இருந்தா அந்தப் பட்டம் எனுக்கு நக மாறி."

பானு சத்தியம் செய்தாள். அழுதுகொண்டே செய்தாள்.

கார்த்திகை மாசம். விளக்கு வைக்கிற நேரம். மழை ஓயாமல் பெய்ததில் சுனாமிக் காலனி வீட்டு மரக்கதவு ஊறி உப்பிப் போயிருந்தது. தோளால் முட்டினால்தான் சாத்தும். திறந்தே கிடந்த வாசலில் குடையை மடக்கினான் இராமலிங்கம்.

"வாடா, வாடா" என்று எழுந்தாள் கங்கம்மாள். நடையின் சத்தத்திலேயே தம்பி என்று தெரிந்துவிட்டது. "மண்டபம் பேசிட்டியா? உக்காரு. பானு, மாமாக்கு டீ போடு."

"டீ வாணாம்."

அவன் உட்காரவில்லை. ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே நின்றான். சிரிப்பு ஒன்றும் வரவில்லை அவன் வாயிலிருந்து. சமையலறை வாசலில் பானு வந்து நின்றாள்.

"அக்கா, இந்த மேட்டர் தள்ளி வெச்சிக்கலாம்னு கீறேன்."

"தையில மழை கிழை வரும்னா? மாசில வெச்சிக்கினாப் போச்சு."

"மாசியும் இல்லக்கா." தொண்டையைச் செருமினான். "சந்திரகலா ஒத்துக்கமாட்டேங்குது. ஊர்ல தல காட்ட முடியலன்றா. பவர் பிளாண்ட்ல ஆகாஷக் கேக்கறானுங்களாம், திருடி ஊட்டுல பொண்ணு எடுக்கறியான்னு. குப்பத்துலயும் பெரியவங்க சொல்றாங்க, இவ்ளோ ஆனப்புறம் சம்பந்தம் வெச்சிக்கினா உன் மேலயும் சந்தேகம் வரும்னு. நானு இன்னா பண்ணட்டும்?"

வெளியே மழை கொட்டியது. கங்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"திருடி ஊட்டுல..." என்றாள்.

"மாமா" என்றாள் பானு. "எங்கம்மா யாருக்கோசரம் திருடி ஆச்சின்னு உனுக்குத் தெரியாதா?"

"த பாரும்மா, பழச பேசி லாபமில்ல. அக்காவே வாயால ஒத்துக்கிச்சி, ஊரே கேட்டுச்சி. இப்ப வேற மாறி சொன்னா யாரு நம்புவாங்க?"

எவ்வளவு நிதானமாகச் சொன்னான்! அந்தக் கதவையும் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தான்.

"ஆகாஷ் இன்னா சொல்லுது?" என்று கேட்டாள் பானு. கேட்கும்போது அவள் குரல் குழந்தையின் குரலாகிவிட்டது.

"அவன் நைட்டு ஷிப்ட்டு. வரமுடியல." இராமலிங்கம் தரையைப் பார்த்தான். "அப்பறம்... அந்தப் புடவை. சந்திரகலா வாங்கியாரச் சொல்லிச்சி."

பானு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் அரக்குச் சிவப்புப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. மாமன் கையில் கொடுக்கவில்லை. நாற்காலியில் வைத்தாள். அவனே எடுத்துக்கொண்டான், மழைக்கு நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"நான் வரேன்கா."

"இரு."

கங்கம்மாள் தடவித் தடவி அவன் அருகே வந்தாள். அறை நடுவே வயரில் தொங்கிய குண்டு பல்பை இடது கையால் எட்டிப் பிடித்து இழுத்தாள். தழும்பேறிய அந்த விரல்கள் சூட்டை உணரவில்லை. பல்பைத் தம்பியின் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளித் தன் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு உன் மூஞ்சி தெரியலடா. இப்ப சொல்லு. ஒரே ஒரு வாட்டி. தெரிஞ்சேதான் சொன்னியா?"

அவன் கன்னத்தில் சூடு பட்டவன்போல் வெடுக்கென்று முகத்தை இருட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான். பல்பு அவள் கையிலிருந்து நழுவி ஆடியது. நிழல்கள் சுவரெல்லாம் ஓடின. குடையை எடுத்தான். விரிக்கக்கூடச் செய்யாமல் மழையில் இறங்கினான். சேற்றில் செருப்பு சப்சப்பென்று போவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

"போய்ட்டானா?"

"போய்ட்டாரும்மா."

உப்பிய கதவு சாத்த வரவில்லை. பானு தோளைக் கொடுத்து முட்டினாள். மறுபடியும் முட்டினாள். மூன்றாம் முறை கதவு சாத்திக்கொண்டது.